நாலாவது பாரா ஒப்புக்கொள்ளப்படுகிறது

எங்களுடையது பின்வீடு. தெருவைப் பார்த்து இருப்பது முன்வீடு. முன்வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சந்து உள்ளே வரும். சந்து முடிகிற இடத்தில் எங்கள் வாசல். வேறு வழி இல்லை.

என் மனைவிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறாள். போக வர ஒரு ஸ்கூட்டி. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதலாகச் சக்கரம் வைத்தது. அது சந்துக்குள் வந்தால் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் மிச்சம் இருக்கும். வாசல் வரை வந்து இறங்குவாள். சுவரைப் பிடித்து இரண்டு எட்டு வைத்தால் உள்ளே வந்துவிடலாம்.

முன்வீட்டுக்காரனும் நானும் ஒரே தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் ஷாப் என்றுதான் சொல்வோம். எங்களுக்கு டாகிள் வேலை. ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்புத் தகட்டின்மேல் ஈரத்தோலை விரித்து, ஓரத்தில் கிளிப் மாட்டி, சுருக்கம் இல்லாமல் இழுத்து ஓட்டையில் குத்த வேண்டும். அப்படியே சூட்டு அறைக்குள் தள்ளினால் காய்ந்து வரும். ஒரு ஆள் செய்ய முடியாது. அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன். ஒருத்தன் ஜாஸ்தி இழுத்தால் தோல் கிழியும். கம்மியாக இழுத்தால் சுருங்கும். அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் நான். ரொம்ப வருஷமாக.

ஒரு நாள் இழுத்துக்கொண்டே கேட்டான்.

"ண்ணா, பையனுக்குப் பொண்ணு பாக்கறோம். மாடி இருந்தாத்தான் குடுப்பாங்களாம். மேல ஒரு ரூம் போட்டு, சந்துல படிக்கட்டு வச்சுக்கறேன்."

நான் பதில் சொல்லவில்லை. கிளிப்பை மாட்டினேன்.

எங்கள் தெருவில் பெரியவர்கள் பதில் சொல்லவில்லை என்றால் முடியாது என்று அர்த்தம். மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கேட்டவனுக்கு அவமானம். அதனால் சொல்வதில்லை. கேட்டவனும் புரிந்துகொண்டு வேறு பேச்சு பேசுவான். அவனும் புரிந்துகொண்டான். டீ நல்லா இல்லை என்று சொன்னான்.

புரிந்துகொண்டதால்தான் கோர்ட்டுக்குப் போனான்.

சம்மன் கொண்டு கோர்ட் அமீனா வந்தபோது எனக்கு ஷிப்ட் இல்லை. தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"வாங்காத. கையெழுத்து போட்டுட்டா கேஸ் உன் தலைல ஏறிக்கும்," என்றார் ஒருவர்.

"வாங்கலன்னா கதவுல ஒட்டிட்டுப் போவேன். அவ்ளோதான். எனக்கு வேலை மிச்சம்," என்றார் அமீனா.

என் மனைவி கதவைப் பார்த்தாள். பச்சை பெயிண்ட் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"வாங்கித் தொலைய்யா," என்றாள்.

வாங்கினேன்.

சம்மனோடு பிராது நகலும் இருந்தது. நான் அஞ்சாம் கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சம்மன் என்பது இந்தத் தேதிக்கு வா என்று சொல்கிற தாள். பிராது என்பது ஏன் வர வேண்டும் என்று சொல்கிற தாள். கேஸ் போட்டவன் வாதி. யார்மேல் போட்டார்களோ அவன் பிரதிவாதி. இதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சாயந்தரம் ஆகிவிட்டது. பாரா பாராவாக நம்பர் போட்டிருந்தது.

சந்து வாதிக்குப் பாத்தியப்பட்டது என்று ஒரு பாரா. வாதியும் பிரதிவாதியும் பல வருடங்களாக ஒரே இடத்தில் வேலை செய்து சகோதரர்கள் போல் பழகி வந்தவர்கள் என்று நாலாவது பாரா. படிக்கட்டு பற்றி வாதி கேட்டபோது பிரதிவாதி மௌனமாக இருந்து தன் சம்மதத்தைத் தெரிவித்தார் என்று ஆறாவது பாரா. அதற்குப் பிறகு ஆள் பலம் படைத்த பிரதிவாதி தீய எண்ணம் கொண்டு, அடியாட்களோடும் கடப்பாரையோடும் சந்துக்குள் வந்து வாதியை மிரட்டினார் என்று ஏழாவது பாரா. கடைசியில், வாதி படிக்கட்டு கட்டுவதைப் பிரதிவாதி தடுக்கக் கூடாது என்று உத்தரவு வேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே, மேலே சொன்னது எல்லாம் உண்மை என்று அவன் கையெழுத்து.

மறுநாள் தகட்டின் இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"நான் எப்பப்பா கடப்பாரை எடுத்துனு வந்தேன்?"

"எந்தக் கடப்பாரை?"

"ஏழாவது பாராவுல இருக்குதே."

"அப்டியா? நான் இன்னும் படிக்கலண்ணா."

"எல்லாம் உண்மைன்னு கையெழுத்து போட்டிருக்க."

"போடச் சொன்னாரு, போட்டேன். அன்னிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டிருந்தாங்க. அவசரம்."

"அடியாளு வேற கூட்டினு வந்தேனாம்."

"நீயா?" சிரித்துவிட்டான். "உன் கூட யாருண்ணா வருவாங்க?"

வேறு தகட்டில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து, "வாதி இழுங்க, பிரதிவாதி உடுங்க" என்று ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர் எங்களைப் பிரித்து வேறு வேறு ஆளோடு போட்டுப் பார்த்தார். இரண்டு தோல் கிழிந்தது. மறுபடி ஒன்றாகவே போட்டுவிட்டார்.

வாய்தா அன்றைக்கு இரண்டு பேருக்கும் லீவு. ஊரிலிருந்து கோர்ட் பக்கம் போக அந்த நேரத்தில் ஒரு பஸ்தான். அதில் அவனும் நானும் போனோம். சீட்டு ஒன்றுதான் இருந்தது. நான் பெரியவன் என்று என்னை உட்காரச் சொன்னான்.

டவாலி என் பேரைக் கூப்பிட்டார். போய் நின்றேன். பிராதோடு கூட இன்னொரு மனுவும் போட்டிருந்தார்கள். கேஸ் முடிய நாளாகும், அதுவரை நான் குறுக்கே வராதபடி தடை போட வேண்டும் என்று. அது பற்றித்தான் நீதிபதி கேட்டார்.

"வக்கீல் வெச்சிருக்கீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அவங்க சொல்றதுக்கு ஆட்சேபணை ஏதாவது இருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. கடப்பாரை எடுத்து வந்தேன் என்று ஒருத்தர் எழுதினால், அதற்கெல்லாம் ஒரு மனுஷன் பதில் சொல்வானா? சொன்னால் அது பேசத் தக்க விஷயம் என்று ஆகிவிடும். நான் தரையைப் பார்த்து நின்றேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது புரியும்.

நீதிபதி பொறுமையானவர். பதிலை எழுதித் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லி இன்னொரு வாய்தா கொடுத்தார். அதற்கும் போனேன். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி தரையைப் பார்த்தேன். அவர் ஏதோ எழுதினார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம்.

"இன்னாப்பா ஆச்சு?" என்று அவனைக் கேட்டேன்.

"தெரியலண்ணா. நம்ம கேஸ் முடிஞ்சுதா?"

"இன்னொரு தேதி சொன்ன மாதிரி இருந்துச்சு."

வேர்க்கடலை வாங்கினான். பாதியை எனக்குக் கொடுத்தான். பஸ்ஸில் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

மறுநாள் வேலையில் சொன்னான். "ண்ணா, வக்கீல் போன் பண்ணாரு. தடை குடுத்துட்டாங்களாம்."

"யாருக்கு?"

"உனக்கு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இழுத்தோம்.

"அப்ப நான் கொத்தனார வரச் சொல்லட்டாண்ணா?"

நான் பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அவன் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டான். அவன் கையில் பேப்பர் இருந்தது.

படிக்கட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். சந்து நடுவில் குழி. அன்று சாயந்தரம் என் மனைவி தெருவிலேயே ஸ்கூட்டியை நிறுத்தினாள். கம்பை ஊன்றி, முன்வீட்டுச் சுவரைப் பிடித்து, குழி ஓரமாக வந்தாள். மண் சரிந்து ஒரு தடவை உட்கார்ந்துவிட்டாள். முன்வீட்டுக்காரன் பெண்சாதி ஓடிவந்து தூக்கினாள். என் மனைவி அவளைத் திட்டவில்லை. வீட்டுக்குள் வந்து என்னைத் திட்டினாள்.

"ஜட்ஜு கேட்டாரா, இல்லையா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

சும்மா இருந்தேன்.

"இதையேதான் அங்கயும் செஞ்சியா?"

அதற்கும் சும்மா இருந்தேன்.

அவள் கம்பெனியில் கூட வேலை செய்கிறவளுக்கு உறவில் ஒரு வக்கீல் பெண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனோம். சின்ன வயது. மாடியில் ஆபீஸ். என் மனைவி ஏற முடியாது என்று அவரே கீழே வந்து, ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் வக்காலத்து என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். எனக்காக அவர் பேசலாம் என்று நான் ஒத்துக்கொள்கிற தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

"பேசுறதுக்கு நான் இருக்கேன்," என்றார். "ஆனா இன்னா பேசணும்னு நீங்கதான் சொல்லணும்ண்ணா. அதுக்குப் பேரு எதிருரை. பிராதுல எத்தனை பாரா இருக்கோ அத்தனைக்கும் நம்ம பதில் சொல்லணும்."

"பொய்க்குமா?"

"பொய்க்குத்தான் முக்கியமா. அவங்க ஒண்ண எழுதி, நீங்க அத இல்லைன்னு சொல்லாம உட்டா, ஆமான்னு சொன்ன கணக்கு."

"பதில் பேசலன்னா ஆமாவா?"

"கோர்ட்ல அப்டித்தான்."

"எங்க தெருவுல இல்லைன்னு அர்த்தம்."

"கல்யாணம் ஆனதுலேந்து எனக்கும் இவர் இன்னா சொல்றாருன்னே புரியல," என்றாள் என் மனைவி. "நல்லவேள, கோர்ட்டுக்கும் புரியல."

வக்கீல் ஒவ்வொரு பாராவாகப் படித்தார். சரியா, தப்பா என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"தலையாட்டுறத எழுத முடியாதுண்ணா. வாயால சொல்லுங்க."

சந்து பாரா. "தப்பு," என்றேன். ஆறாவது பாரா வந்தது.

"படிக்கட்டு வெக்கறேன்னு அவர் கேட்டப்ப நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவனுக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும். ஜட்ஜுக்கு எப்டித் தெரியும்?"

யோசித்தேன். நியாயம்தான். ஜட்ஜு எங்கள் தெருவில் இல்லை.

"தப்புன்னு எழுதுங்க," என்றேன். ஏழாவதற்கு அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

நாலாவது பாராவை அவர் கேட்கவே இல்லை. மறுக்கப்படுகிறது என்று அவரே எழுதிவிட்டிருந்தார்.

"நாலாவதுல இன்னாம்மா இருந்துச்சு?"

"அது ஒண்ணும் இல்லண்ணா. அண்ணன் தம்பி மாதிரி பழகினீங்கன்னு சும்மா போட்டிருக்காங்க. அதையும் சேத்து மறுத்துடலாம். பொதுவா எல்லாத்தையும் மறுத்துட்டு, நிரூபிங்கன்னு சொல்றதுதான் வழக்கம்."

"அத மறுக்க வேணாம்."

"அதனால கேஸுக்கு லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. ஏன் கேக்கறீங்க?"

நான் சும்மா இருந்தேன். பிறகு, சும்மா இருந்தால் ஆகாது என்று இப்போதுதான் சொன்னார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"அது உண்மைம்மா," என்றேன். "உண்மைய எப்டி இல்லைன்னு சொல்றது? அவன் அம்மா செத்தப்ப நான்தான் ஒரு பக்கம் தூக்கினேன்."

வக்கீல் என்னைப் பார்த்தார். மறுக்கப்படுகிறது என்பதை அடித்துவிட்டு, ஒப்புக்கொள்ளப்படுகிறது என்று எழுதினார்.

டைப் செய்து வந்ததும் கீழே என் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எல்லாம் உண்மை என்று. முன்வீட்டுக்காரன் போட்ட அதே இடம். நான் முழுவதும் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். குமாஸ்தா பேனாவை நீட்டியபடி நின்றார். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது நான் ஏழாவது பாராவில் இருந்தேன்.

எதிருரை நகல் அந்தப் பக்கத்து வக்கீலுக்கும் போயிற்று. சில நாள் கழித்து அவன் ஆரம்பித்தான்.

"ண்ணா, உன் பேப்பர எங்க வக்கீல் படிச்சுக் காட்டினாரு."

"ம்."

"எல்லாத்தையும் பொய்யின்னு போட்டிருக்க."

"பொய்தான?"

கிளிப்பை மாட்டினான். "நாலாவது பாராவ மட்டும் ஒத்துக்கினியாமே."

"ஆமா."

"எங்க வக்கீலுக்கு அது பேஜாராப் போச்சு. எதுக்கு ஒத்துக்கினாரு, இதுல ஏதோ பிளான் இருக்குதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சாரு."

"பிளானும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நானும் அதத்தான் சொன்னேன்." தோலைப் பார்த்து, "கம்மியா இழு, கிழியும்," என்றான்.

எங்கள் வக்கீல் தடையை நீக்கச் சொல்லி மனுவும் போட்டிருந்தார். சந்தைப் பார்த்து எழுதிக் கொடுக்கக் கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பியது. கமிஷனர் வருகிறார் என்றதும் தெருவே வாசல் தெளித்து வைத்தது. வந்தவர் டேப் வைத்த ஒரு வக்கீல். பைக்கில் வந்தார்.

சந்தை அளந்தார். குழியை அளந்தார். வண்டியை எடுத்து வரச் சொன்னார். என் மனைவி தெருவிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள். குழி வரை வந்தாள். நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் பச்சைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

கமிஷனர் எழுதிக்கொண்டார். "வாகனம் குழி வரை வந்து நின்றது. மேற்கொண்டு செல்ல இயலவில்லை." முன்வீட்டுக்காரன் பெண்சாதி அவருக்கு மோர் கொடுத்தாள். என் மனைவிக்கும் கொடுத்தாள்.

அடுத்த வாய்தாவில் உத்தரவு வந்தது. நீதிபதி மறுபடியும் என்னைப் பார்த்து, ஏதாவது சொல்ல இருக்கா என்று கேட்டார். வக்கீல் இருக்கும்போது நான் பேச வேண்டியதில்லை. ஆனாலும் பயத்தில், "எல்லாம் தப்புங்கய்யா, நாலாவது தவிர," என்றேன். சிலர் சிரித்தார்கள். நீதிபதி பேப்பரைப் புரட்டி நாலாவதைப் படித்தார்.

என்மேல் இருந்த தடை போயிற்று. கேஸ் முடிகிறவரை சந்து இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். யாரும் எதையும் மாற்றக் கூடாது. படிக்கட்டு கிடையாது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். இந்தத் தடவை என்ன ஆயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவன் கடலை வாங்கவில்லை. நான் வாங்கினேன். வேண்டாம் என்றான். பஸ் வந்ததும் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குழி ஞாபகம் வந்தது. படிக்கட்டு கட்டக் கூடாது, சரி. குழி? அதுவும் இப்போது இருப்பதுதானே. வக்கீலுக்குப் போன் செய்தேன்.

"மூடக் கூடாதுண்ணா. அதுக்குத் தனியா மனு போட்டுக் கேக்கணும். இப்ப கோர்ட் லீவு வருது. அதுவரைக்கும் மண்ணத் தொடாதீங்க."

அவனும் அவன் வக்கீலைக் கேட்டிருந்தான். அவரும் அதையேதான் சொன்னார். அந்தக் கேஸில் இரண்டு வக்கீலும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கேஸில் பாதி ஜெயித்த பிறகும் என் மனைவி தெருவில்தான் இறங்கினாள். சுவரைப் பிடித்து, குழி ஓரமாகத்தான் வந்தாள். மழைக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது. முன்வீட்டுக்காரன் ஜன்னலில் இருந்து பார்ப்பான். நான் வாசலில் இருந்து பார்ப்பேன். இரண்டு பேரும் மண்ணைத் தொடவில்லை.

அந்தச் சமயம் ஷாப்பில் பழைய டாகிள் தகடுகளைக் கழித்துக் கட்டினார்கள். வெளியே கிடந்தன. காயலான்காரன் வருவதற்காக.

"ண்ணா," என்றான் அவன். தகட்டைக் காட்டினான். "அதக் குழி மேல போட்டா?"

"மூடக் கூடாதுன்னாங்களே."

"மூடலியே. ஓட்டை ஓட்டையாத்தான இருக்குது. குழி தெரியும். நிலைமை அப்டியே இருக்குது, மேல ஒரு தகடு, அவ்ளோதான்."

யோசித்தேன். "சரி," என்று வாய்விட்டுச் சொன்னேன். பதில் சொல்கிற பழக்கம் வந்திருந்தது.

மேனேஜர் கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார். குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்து தெருமுனையில் இறக்கினோம். அந்தப் பக்கம் அவன் பிடித்தான். இந்தப் பக்கம் நான். சந்துக்குள் கொண்டுவந்து குழிமேல் வைத்தோம். ஒரு மூலை ஆடியது.

"கடப்பாரை இருக்குதாண்ணா வீட்ல?"

போய் எடுத்து வந்தேன். தகட்டின் அடியில் கொடுத்து நெம்பிப் பிடித்தேன். அவன் ஓரத்தில் செங்கல் துண்டை வைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கும் உறைத்துவிட்டது. சந்துக்குள் பிரதிவாதி. கையில் கடப்பாரை. கூட ஒரு ஆள்.

"ஏழாவது பாரா," என்றான்.

"மறுக்கிறேன்," என்றேன்.

சாயந்தரம் என் மனைவி ஸ்கூட்டியைத் தெருவில் நிறுத்தவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே விட்டாள். தகடு தடதடவென்று கத்தியது. தாங்கியது. வாசலில் இறங்கி, தகட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது சத்தம், தெருவே கேக்குது," என்றாள்.

கேஸ் இன்னும் நடக்கிறது. சாட்சி விசாரணைக்கே வரவில்லை. அவன் பையனுக்குக் கல்யாணம் ஆகி, அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறான். மாடி வரவில்லை. அதில் அவனுக்கு என்மேல் வருத்தம் உண்டு. சொல்வதில்லை. தோலை இழுக்கும்போது தெரியும்.

தினமும் சாயந்தரம் தகடு தடதடக்கும். முன்வீட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்கும். "அண்ணி வந்துட்டாங்க." அது எங்களிடம் சொல்வது இல்லை, அவன் வீட்டுக்குள் சொல்லிக்கொள்வது. அதற்குப் பதிலும் வேண்டியதில்லை.